காஞ்சித் தெருக்களின் கதை – 17: அச்சுப் பிணைப்பவர் போன பிறகு

சென்ற இதழை 1953-இல் நிறுத்தியிருந்தேன். நெய்த துணி விலைபோகாமல் நெசவாளர் வீடுகளில் அடுப்பு எரியாத அந்த ஆண்டின் தொடக்கத்தில், காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணாதுரை கைத்தறித் துணிகளைத் தோளில் சுமந்து திருச்சித் தெருக்களில் கூவி விற்றார். அவருடைய கட்சிக்காரர்களும் ஊர் ஊராக விற்றார்கள். அது பருத்தித் தறிக்கு வந்த நெருக்கடி. சரக்கு தேங்கியதால் வந்தது, விற்பனை கூடியதும் கொஞ்சம் தணிந்தது.

பட்டுத் தறிக்குப் பின்னால் வந்த நெருக்கடியை அப்படிக் கூவி விற்றுத் தீர்த்திருக்க முடியாது. ஏனென்றால் அது வியாபாரம் செழித்த காலத்தில் வந்தது. முகூர்த்த நாட்கள் நெருங்கும்போது காந்தி சாலைக்குப் போய்ப் பாருங்கள். கார் நிறுத்த இடம் கிடைக்காது. கண்ணாடிச் சுவரும் குளிர்பதனமும் வைத்த கடைகள் வரிசையாக நிற்கின்றன. இந்தக் கடைகள் பெருகிய அதே முப்பது, நாற்பது ஆண்டுகளில்தான் பிள்ளையார்பாளையத்திலும் அதைச் சுற்றிய தெருக்களிலும் சேலைக்கு அடிப்படையான சிறு தொழில்கள் ஒவ்வொன்றாகக் கதவடைத்தன. பட்டுக் கடை வளர்ந்த ஊரில் பட்டுத் தொழில் எப்படித் தெருவை விட்டுப் போனது என்பதே இந்த அத்தியாயம்.

முதலில், பாதுகாக்க முயன்றவர்களின் பங்கைச் சொல்லிவிடுகிறேன். முருகன், காமாட்சியம்மன், வரதராஜசுவாமி, திருவள்ளுவர், அறிஞர் அண்ணா என்ற பெயர்களில் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றி வளர்ந்தன. கோரா என்கிற கச்சாப் பட்டையும் ஜரிகையையும் சங்கமே கொடுத்தது, நெய்த சேலையைச் சங்கமே வாங்கியது. முதலாளியிடம் முன்பணம் வாங்கித் தலைமுறை தலைமுறையாகக் கடனில் கிடந்த குடும்பங்களுக்கு இது சாதாரண விடுதலையில்லை. சூரத் ஜரிகையையே நம்பியிருக்க வேண்டாம் என்று 1971-இல் தமிழ்நாடு ஜரிகை நிறுவனத்தை அரசு காஞ்சிபுரத்தில் தொடங்கியது. 1985-இல் நடுவண் அரசு கொண்டுவந்த சட்டம் 22 ரகங்களைக் கைத்தறிக்கென்று ஒதுக்கியது. விசைத்தறி முதலாளிகள் நீதிமன்றம் போனார்கள். சட்டம் செல்லும் என்று 1993-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் சில ஆண்டுகளிலேயே 22 என்பது 11 ஆகச் சுருங்கியது. 2005-06-இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இத்தனையும் சேலையைக் காப்பாற்ற எடுத்த முயற்சிகள். நெசவாளரையும் ஓரளவு காப்பாற்றின. சேலைக்கும் நெசவாளருக்கும் நடுவில் இருந்த தெருவைப் பற்றி எந்தச் சட்டத்திலும் ஒரு வரி இல்லை.

அந்தத் தெரு எப்படி இயங்கியது என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

பெங்களூர்ப் பக்கத்திலிருந்து கோரா வந்து இறங்கும். முதலில் அது முறுக்குக்குப் போகும். முறுக்கேறிய பட்டு சாயப் பட்டறைக்குப் போகும். அங்கே சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்துப் பிசினைப் போக்கினால்தான் பட்டுக்கு மினுமினுப்பு வரும். பிறகு சாயத் தொட்டி. கழியில் மாட்டிய சிட்டங்களை இரண்டு பேர் எதிரெதிரே நின்று தொட்டிக்குள் புரட்டிக்கொண்டே இருப்பார்கள். அரக்கும் மாம்பழ மஞ்சளும் எந்த நிமிடத்தில் எடுத்தால் சரியாக வரும் என்பதைக் கண்ணால் மட்டுமே சொல்லக்கூடிய கிழவர்கள் இருந்தார்கள். காய்ந்த சிட்டம் அங்கிருந்து பெண்களிடம் வரும். திண்ணையில் ராட்டை வைத்து இழைப்பார்கள். பேச்சு நடக்கும், குழந்தை அழும், ராட்டை நிற்காது. இழைத்த நூல் பாவு ஓடுகிற இடத்துக்குப் போகும். ஒரு பாவு என்றால் பொதுவாக மூன்று சேலைக்கான நீளம்.

அந்தப் பாவைத் தெருவில் நீட்டும் வேலை விடியும் முன்னே தொடங்கும். தெருவின் இந்தக் கோடியில் ஒரு முளை, அந்தக் கோடியில் ஒரு முளை. நடுவே கவைக்கோல்கள் தாங்க, ஆயிரக்கணக்கான இழைகள் இடுப்புயரத்தில் ஒரே விரிப்பாக நிற்கும். நான்கைந்து பேர் இரு பக்கமும் நடந்து அறுந்த இழைகளைத் தேடிப் பிடித்து முடிவார்கள், ஒட்டியவற்றைப் பிரிப்பார்கள், அரிசிக் கஞ்சி தெளித்து ஆற்றுவார்கள். வெயில் ஏறினால் பட்டு விறைத்துவிடும், ஆகவே ஏழு, எட்டு மணிக்குள் சுருட்டியாக வேண்டும். அதுவரை தெருவில் சைக்கிள்கூட ஒதுங்கித்தான் போகும். பால்காரர் பாவுக்கு அடியில் குனிந்து போவார். யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. தெரு யாருடையது என்ற கேள்வியே அங்கு எழவில்லை.

சுருட்டிய பாவு தறிக்கு வந்ததும் அச்சுப் பிணைப்பவரைக் கூப்பிடுவார்கள். முந்தைய பாவின் வால், சீப்புப் போன்ற அச்சுக்குள்ளும் இழைகளைத் தூக்கும் விழுதுக்குள்ளும் அறுக்காமல் விடப்பட்டிருக்கும். அந்தப் பழைய இழை ஒவ்வொன்றின் முனையோடும் புதிய பாவின் இழை முனை ஒவ்வொன்றையும் சேர்த்து, விரலில் சாம்பலைத் தொட்டுத் திரிக்க வேண்டும். முடிச்சு போடக் கூடாது, முடிச்சு விழுந்தால் அச்சுக்குள் நுழையாது. ஓர் இழை இடம் மாறினாலும் சேலை நெடுக ஒரு கோடு ஓடும். குழித்தறியின் விளிம்பில் உட்கார்ந்து, முதுகை வளைத்து, இழை இழையாக அந்த வேலையைச் செய்கிறவருக்குச் சொந்தத் தறி இருக்காது. நாற்பது, ஐம்பது தறிகள் அவருக்கு வாடிக்கை. இன்று இந்த வீடு, நாளை அடுத்த வீடு. அவர் வராத நாளில் அந்தத் தறி ஓடாது.

இவர்களைத் தவிர, அச்சு கட்டித் தருபவர், விழுது போடுபவர், ஜக்கார்டுக்கு அட்டை அடிப்பவர், நாடாவையும் மிதிப்பலகையையும் செதுக்கித் தரும் தறி ஆசாரி, மார்க் கணக்கில் ஜரிகை விற்கும் சின்னக் கடை, இந்த எல்லோருக்கும் காலையில் இட்லியும் நாளெல்லாம் டீயும் தரும் மூலைக்கடை. எல்லாம் நடக்கும் தூரத்தில். காஞ்சிபுரத்துச் சேலையின் ரகசியம் பாலாற்றுத் தண்ணீர் என்று ஊரில் சொல்வார்கள். அதைவிட இந்த நடக்கும் தூரத்தையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

இந்த ஏற்பாடு நேற்று முளைத்ததில்லை. தொடரின் மூன்றாம் பகுதியில் உத்தம சோழனின் செப்பேட்டைப் பார்த்தோம். 10-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கச்சிப்பேட்டின் நான்கு சேரிகளில் குடியிருந்த பட்டசாலியர்களிடம் ஊரகத்துப் பெருமாள் கோயிலின் நிர்வாகத்தை அரசன் ஒப்படைத்த ஏடு அது. நெசவாளர் சேரிகளாகச் சேர்ந்து வாழ்ந்ததையும், அந்தச் சேரிகளை நம்பிக் கோயில் கணக்கைக் கொடுத்ததையும் அது காட்டுகிறது. விஜயநகர காலத்தில் வேறு ஊர்க் கைக்கோளர்கள் தங்களுக்கும் சங்கும் பல்லக்கும் வேண்டும் என்று கேட்டபோது, காஞ்சிபுரத்துக் கைக்கோளருக்கு அவை இருப்பதையே முன்மாதிரியாகக் காட்டினார்கள். நெசவாளர் தெரு கோயிலுக்கு வெளியே இருந்த ஒட்டுக்கடையாக இருந்ததேயில்லை. ஊரின் மரபைக் காக்கிறோம் என்று திட்டம் போடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அதற்குப் பின்னால் வருகிறேன்.

சரி, எது முதலில் மூடியது?

என் கணக்கில், ஆளைக் கேட்ட வேலைகள் முதலில் போயின. கோர்வைச் சேலையில் கரைகளுக்குத் தனி நாடாக்கள், உடலுக்கு ஒரு நாடா. கரையை எறிய நெசவாளர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். பல பத்தாண்டுகளாக அந்த இன்னொருவர் ஒரு குழந்தை. முன்பணத்துக்கு ஈடாகத் தறியில் உட்காரவைக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றி 1990-களில் பெரிய அளவில் பேச்சு எழுந்தது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகள் விரிவாக இடம்பெற்றன. குழந்தைகள் எழுந்து பள்ளிக்குப் போனது இந்த ஊர் வரலாற்றிலேயே நடந்த நல்ல காரியங்களில் ஒன்று. பழைய தெருவை நினைத்து ஏங்குகிற யாரும் இதை விட்டுவிட்டு ஏங்கக் கூடாது. ஆனால் அந்தக் குழந்தையின் இடத்தில் உட்காரும் பெரியவருக்கு நியாயமான கூலி கொடுக்க முதலாளியோ கடைக்காரரோ முன்வரவில்லை. கோர்வைத் தறிகள் குறைந்தன. ஒரே நாடாவில் கரையையும் சேர்த்து நெய்யும் ரகங்கள் கூடின.

பள்ளிக்குப் போன பிள்ளைகள் படித்து முடித்த நேரத்தில் நெடுஞ்சாலையில் தொழிற்சாலைகள் எழும்பியிருந்தன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் தயாரிக்கத் தொடங்கியது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ நிசான். பாவு நீட்டிய அதே விடியற்காலையில் தெருமுனையில் கம்பெனி பஸ் வந்து நின்றது. மாதம் பிறந்தால் சம்பளம், பி.எஃப்., சீருடை. தறிக்காரனுக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்ற பேச்சு அந்த ஆண்டுகளில் சகஜமாகிவிட்டது. நோக்கியா 2014-இல் ஆலையை மூடியது, வேலை நிரந்தரமில்லை என்பதை எல்லோரும் கண்டார்கள். அப்படியும் தறிக்குத் திரும்ப இளைஞர்கள் விரும்பவில்லை. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில், நாடு முழுவதும் மூன்றில் இரண்டு பங்கு நெசவாளர் குடும்பங்கள் மாதம் 5,000 ரூபாய்க்குள்ளேயே சம்பாதிப்பதாகத் தெரிந்தது. அந்த இளைஞர்களைக் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை.

இங்கேதான் நடக்கும் தூரத்தின் கணக்கு வேலை செய்யத் தொடங்கியது. நாற்பது தறிக்கு வாடிக்கையாக இருந்த அச்சுப் பிணைப்பவருக்குப் பதினைந்து தறி ஆகும்போது பிழைப்பு ஓடாது. அவர் ஏ.டி.எம். காவலுக்குப் போவார். அவர் போனதும் மிச்சப் பதினைந்து தறிக்காரர்களும் வேறு தெருவில் ஆள் தேடுவார்கள், இரண்டு நாள், மூன்று நாள் காத்திருப்பார்கள். கூலிக்கு நெய்பவருக்குத் தறி நிற்கும் நாளில் வருமானம் கிடையாது. அப்படி நின்று நின்று இன்னும் நான்கு பேர் விடுவார்கள். சாயப் பட்டறைக்குக் கழிவுநீர்க் கட்டுப்பாடு வந்தது. அது வேண்டியதுதான், வேகவதி ஆற்றின் நிலையைப் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள். ஆனால் இரண்டு தொட்டி வைத்திருந்தவரால் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியுமா? அட்டை அடித்தவரின் வேலையைக் கணினி ஜக்கார்டு எடுத்துக்கொண்டது. ஒரு தொழில் மூடும்போது அதன் வாடகை மட்டும் போவதில்லை, பக்கத்துத் தொழிலின் ஒரு மணி நேரமும் சேர்ந்து போகிறது. 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு, 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி., 2020 மார்ச்சில் ஊரடங்கு. தினக்கூலியை ரொக்கமாக வாங்கி ரொக்கமாகச் செலவழித்த தெருவுக்கு அந்த மூன்றரை ஆண்டுகளில் மூச்சுவிட நேரமே கிடைக்கவில்லை. இப்போது தங்கமும் வெள்ளியும் ஏறிய ஏற்றத்தில் ஜரிகை விலை தனிப் பாடு.

இத்தனைக்கும் மேலே வந்து உட்கார்ந்தது மனை விலை.

நெசவாளர் வீடு குறுகலாக, நீளமாக இருக்கும். முன்னால் திண்ணை, பிறகு தறிக்கூடம், முற்றம், பின்னால் கிணறு. தறிக்கூடத்தில் இரண்டு குழி. கோயிலுக்கும் காந்தி சாலைக்கும் அருகில் இருப்பதால் அந்த மனைக்கு இப்போது கிடைக்கும் விலையை, அந்தக் குழியில் உட்கார்ந்து ஆயுள் முழுக்க நெய்தாலும் பார்க்க முடியாது. பாகப் பிரிவினை வந்தாலோ, மகள் கல்யாணம் வந்தாலோ, வீடு கைமாறும். புதிதாகக் கட்டுகிறவர் கீழே கடை, மேலே தங்கும் அறை என்று கட்டுவார். கடைக்குக் கேட்கும் அட்வான்ஸை நாடா விற்பவரோ அச்சு கட்டுபவரோ கொடுக்க முடியாது. வெளியூர்ப் பெரிய ஜவுளிக்காரர் கொடுப்பார், ஓட்டல்காரர் கொடுப்பார். தெருவில் சிமென்ட் போட்டதும் முளையடிக்க மண் இல்லை. இரண்டு பக்கமும் பைக் நிற்கிறது. பாவு நீட்டப் போனால் ஹாரன் அடிக்கிறார்கள். தெரு யாருடையது என்ற கேள்வி எழுந்துவிட்டது, பதிலும் கிடைத்துவிட்டது.

கோயில் நகரமாக ஊரைச் சீரமைக்கும் பணம் இந்த ஆண்டுகளில்தான் வந்தது. மரபு நகரங்களுக்காக 2015 ஜனவரியில் தொடங்கிய ஹிருதய் திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த 12 ஊர்களில் காஞ்சிபுரமும் ஒன்று. 2019 மார்ச்சில் திட்டம் முடிந்தது. யாத்திரைத் தலங்களுக்கான பிரசாத் திட்டத்திலும் ஊரின் பெயர் உண்டு. கோயிலைச் சுற்றிச் சாலை, நடைபாதை, விளக்கு, குளம் என்று வேலை நடந்தது. 2019 ஜூலை முதல் 48 நாட்கள் அத்திவரதர் எழுந்தருளியபோது ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் வந்து போனதாக அரசு கணக்கு சொன்னது. அதற்குப் பிறகு இந்த ஊரைக் கூட்டம் வரும் இடமாகவே பார்க்கிறார்கள். 1866-இல் ஏற்பட்ட நகராட்சி 2021-இல் மாநகராட்சியானது. அடுத்த ஆண்டே மாநிலம் முழுவதும் சொத்துவரி ஏறியது. 2022 ஆகஸ்டில் பரந்தூர் விமான நிலைய அறிவிப்பு வந்தது. அந்தத் திட்டத்தில் வரும் ஏகனாபுரத்து மக்கள் நிலத்துக்காக இன்னும் போராடுகிறார்கள். ஊருக்குள்ளோ மனைத் தரகர் எண்ணிக்கை கூடியது.

ரயில்வே சாலை ராஜாஜி மார்க்கெட்டையும் இடித்துக் கட்டினார்கள். கட்டி முடிக்கும் வரை வியாபாரிகள் ஓரிக்கைக்குப் போனார்கள். பழைய மார்க்கெட் மழையில் பட்டபாடு தெரிந்தவன் என்பதால் அதை இடித்ததைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்றன்று வாங்கி அன்றன்று விற்பவருக்கு வாடிக்கையாளர் இல்லாத இடைக்காலமே பெரிய நஷ்டம். திட்ட மதிப்பீட்டில் அந்த நஷ்டத்துக்கு ஒரு தலைப்பு வைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை.

உலகத்தின் மற்றப் பட்டு ஊர்களிலும் இது நடந்திருக்கிறது. பிரான்சின் லியோன் நகரில் குருவா ரூஸ் குன்றின் மேல் நெசவாளர் குடியிருப்புகள் உண்டு. 1804-இல் ஜக்கார்டு பொறி பிறந்த ஊர் அது. உயரமான அந்தப் பொறியை நிறுத்துவதற்காகவே வீடுகளின் கூரையை நான்கு மீட்டர் உயரத்தில் கட்டினார்கள். 1831-லும் 1834-லும் கூலிக்காக அங்கே நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்து சுடப்பட்டார்கள். இன்று அதே உயரக் கூரைக்காகவே அந்த வீடுகளுக்கு ஏக கிராக்கி. தறிகள் ஒன்றிரண்டு காட்சிக்கு இருக்கின்றன. லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் பட்டு நெசவாளர் வெளிச்சத்துக்காக மாடியில் வைத்த அகல ஜன்னல்கள் இன்றும் இருக்கின்றன. கூலியை நிர்ணயித்த சட்டம் 1824-இல் நீக்கப்பட்டது, பிரான்சுடனான 1860 ஒப்பந்தத்தில் பிரெஞ்சுப் பட்டு தடையின்றி இறங்கியது. நெசவாளர் போனார்கள், பல தலைமுறைக்குப் பிறகு அந்த வீடுகளைச் செல்வந்தர்கள் வாங்கிப் புதுப்பித்தார்கள். அந்த ஊர்களில் தொழில் முதலில் செத்தது, மனை விலை பிறகு ஏறியது. காஞ்சிபுரத்தில் தொழில் உயிரோடிருக்கும்போதே மனை விலை ஏறிவிட்டது. அதனால்தான் நமக்கு இன்னும் செய்ய ஏதோ இருக்கிறது என்று நம்புகிறேன்.

அரசின் விடை கீழ்கதிர்பூரில் இருக்கிறது. ஊருக்கு வெளியே 75 ஏக்கரில் அண்ணா பெயரில் பட்டுப் பூங்கா. சாயம், பாவு, நெசவு எல்லாம் ஒரே வளாகத்தில் நடக்கலாம். சாயக் கழிவுக்கு அது நல்ல வழி, மறுக்கவில்லை. ஆனால் காலையில் சோறு வடித்துவிட்டு ராட்டையில் உட்கார்ந்து, பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்காக எழுந்து, மறுபடி உட்கார்ந்த பெண்கள் எத்தனை பேர் அங்கே பஸ் ஏறிப் போக முடியும்? அதே கீழ்கதிர்பூரில்தான் வேகவதிக் கரையில் குடியிருந்தவர்களுக்கு அடுக்குமாடி வீடுகள் கட்டினார்கள். 2015 வெள்ளத்தைப் பார்த்த பிறகு ஆற்றுக்குள் வீடு இருக்கலாம் என்று யார் சொல்வார்? இரண்டாம் மாடியில் குழித்தறிக்குக் குழி தோண்ட முடியாது என்பதையும் ஒருவர் சொல்லியிருக்க வேண்டும்.

கோயில் வீதியில் நடைபாதை போட்ட பணத்தில் ஒரு பங்கைக் கொண்டு, பிள்ளையார்பாளையத்தில் கைமாறும் நாலு வீட்டை மாநகராட்சியோ சங்கமோ வாங்கியிருக்கலாம். ஒன்றில் பாவுக்கூடம், ஒன்றில் அச்சு, விழுது வேலைக்காரர்களுக்குக் குறைந்த வாடகையில் இடம். ஒரே ஒரு தெருவில் காலை ஏழு மணி வரை வண்டிகளைத் தடுக்கலாம். தேரோட்டத்துக்கும் கருட சேவைக்கும் ராஜவீதிகளையே அடைக்கிற ஊர் இது.

இதற்கிடையில் தறி தானே வழி தேடிக்கொண்டது. மனை மலிவாக உள்ள, தெருவில் இன்னும் மண் உள்ள இடங்களுக்கு நகர்ந்தது. வாலாஜாபாத் சாலையில் ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை, வேறு திசையில் இன்னும் தள்ளி ஆரணி என்று காந்தி சாலைக் கடைகளுக்கான சேலைகள் வெளியே நெய்யப்பட்டு உள்ளே வருகின்றன. காஞ்சிபுரத்தில் மிஞ்சியிருக்கும் அச்சுப் பிணைப்பவர்களும் இப்போது டி.வி.எஸ். வண்டியில் சாம்பல் டப்பாவை வைத்துக்கொண்டு அந்த ஊர்களுக்கு வேலைக்குப் போய்வருகிறார்கள். அடுத்த இதழில் அவர்கள் போகும் சாலையிலேயே ஐயம்பேட்டைக்குப் போவோம்.

(தொடரும்)